ஆறாவது கிரகத்தின் மூன்றாம் புள்ளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. அம்மா வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போவார், நான் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் தலையைக் காட்டுகிற ரகம். மாதனூரில் கிளம்பும் எங்கள் கம்பெனி பஸ் ஆம்பூர் வந்து சேர்வதற்குள் யாராவது புளியமரம், வெள்ளைப் புடவை என்று ஆரம்பித்தால், "அக்கா, அதுக்குக் காலு இருந்துச்சா? இருந்தா இன்னா சைஸு?" என்று கேட்டுக் கதையையே கெடுத்துவிடுவேன். ஷூ கம்பெனி பஸ் அல்லவா, எல்லோரும் சிரிப்பார்கள், கதை சொன்னவருக்கு மட்டும் முகம் சுருங்கிப் போகும். இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

இது அமாவாசை ராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகலில், காலை டீக்கு மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால், அறுபது எழுபது பேர் வேலை செய்கிற இடத்தில் நடந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ராத்திரி தனியாக இருந்தபோது நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேனே.

என் பேர் ஜெயசீலன். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் செக்ஷன். ஷூவின் மேல்பாகத்துக்கு வேண்டிய துண்டுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை. இதில் ஒரு சௌகரியம், ஒரு காலுக்கு வரைந்தால் போதும், ஒரு பட்டனைத் தட்டினால் அது கண்ணாடியில் பார்த்தது மாதிரி அப்படியே திரும்பி மறுகாலுக்கு ஆகிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ரஃபீக் என் தோஸ்த். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கணக்கில் பட்டம் வாங்கியவன், ஆனால் வேலை பார்த்தது ஒரு டேனரியில், செலக்டராக. அதாவது பதனிட்டு வருகிற தோலை ஒவ்வொன்றாக மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, எங்கே முள்கம்பி கிழித்த தழும்பு, எங்கே உண்ணி கடித்த புள்ளி, எங்கே கசாப்புக்காரர் கத்தி பட்டிருக்கிறது என்று பார்த்து ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் என்று பிரித்துப் போடுவது. ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு தோல் அவன் கையில் போகும், ஆனால் ஒரு தோலை ஒரு தடவை பார்த்துவிட்டான் என்றால் ஆறு மாசம் கழித்துக் காட்டினாலும் அடையாளம் சொல்வான். "மனுசன்ல கூட ஒரே மாதிரி ரெண்டு பேர் கெடைப்பாங்க தோஸ்த். தோல்ல கெடைக்க மாட்டான்" என்பான். தோலையும் அவன் இவன் என்றுதான் பேசுவான்.

இரண்டாயிரத்து ஒன்று, இரண்டு வாக்கில் நான் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியில் விண்வெளிக் கப்பல் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. சுடுகிற விளையாட்டு இல்லை. நிஜமான ஈர்ப்பு விசைக் கணக்கோடு பூமியிலிருந்து கிளம்பி, சுற்றி, நிலாவுக்குப் போய் இறங்க வேண்டும், ஒரு சின்னத் தப்பு செய்தால் கப்பல் வெறும் இருட்டில் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வந்தது. ரஃபீக் வந்து பார்த்தான், விளையாட்டை ஓட்டவேயில்லை, அதன் ஃபோல்டரைத் திறந்து நோண்டினான். கொஞ்ச நேரத்தில் கத்தினான் பாருங்கள், அம்மா சமையல்கட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

"டேய் சீலா, இங்க பாருடா! ஒவ்வொரு கிரகமும் ஒரு சின்ன ஃபைலுடா, நோட்பேட்ல தொறக்குது! எடை இவ்ளோ, சைஸு இவ்ளோ, சூரியன்லர்ந்து தூரம் இவ்ளோ, அவ்ளோதான்! நாமளே எழுதிக்கலாம்டா!"

வெளிநாட்டில் நிறைய பேர் அப்படிச் செய்கிறார்கள் என்பது பிறகு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோது தெரிந்தது. சொந்தமாகச் சூரியக் குடும்பம் செய்து, அதற்கு மாட் என்று பேர் வைத்து, வெப்சைட்டில் போடுகிறார்கள், மற்றவர்கள் இறக்கிக்கொண்டு அதில் கப்பல் ஓட்டுகிறார்கள். அன்றைக்கே முடிவாகிவிட்டது, நாங்களும் ஒன்று செய்வது.

அதிலிருந்து ரெண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரஃபீக் எங்கள் வீட்டில். கணக்கெல்லாம் அவன். எந்த எடைக்கு எந்தத் தூரத்தில் வைத்தால் எத்தனை நாளில் சுற்றி வரும் என்று நோட்டு நோட்டாகப் போட்டுக்கொண்டு வருவான். முதலில் செய்த நிலா ரெண்டே நாளில் கழன்றுகொண்டு எங்கோ போய்விட்டது, பார்த்தால் கிரகத்தின் எடையில் மூன்று சைபரை விட்டிருக்கிறான், "போச்சு, ஓடிப்போச்சு, போலீஸ்ல கம்ப்ளெய்ண்ட் குடு" என்று அவனே சிரித்தான். என் வேலை படம். கிரகத்தின் மேல் போர்த்துவதற்கு ஒரு படம் வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் என்னென்னவோ சாஃப்ட்வேர் வைத்துச் செய்கிறார்கள், எங்களிடம் எது இருந்தது?

தோல் இருந்தது. அது ரஃபீக்கின் யோசனைதான், இப்போதாவது சொல்கிறேன். கழித்துப் போட்ட ஆட்டுத்தோல் துண்டை ஒரு நாள் உருது பேப்பரில் சுருட்டி எடுத்துவந்து, "இவன ஸ்கேன் பண்ணிப் பாரு" என்றான். பண்ணினோம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சத்தியமாக நிலவின் தரை. மயிர்க்கால் எல்லாம் பள்ளம், உண்ணி கடித்த இடமெல்லாம் எரிமலை வாய். குரோம் போட்டுப் பதனிட்ட ஈரத்தோலை வெட் ப்ளூ என்பார்கள், வெளிறிய நீலமாக இருக்கும், அது எங்கள் மூன்றாவது கிரகத்துக்குக் கடல் ஆயிற்று. கழுத்துப் பக்கத்துச் சுருக்கத் தோல் நாலாவதற்கு, வற்றிப்போன ஆறுகளோடு, அதற்குப் பாலாறு என்று பேர் வைத்தோம். ஒரு கிரகத்தைச் சுற்றிப் போர்த்தும்போது படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்று சேர வேண்டும், இல்லாவிட்டால் கிரகத்தின் நடுவே தையல் பிரிந்த மாதிரி ஒரு கோடு தெரியும். அதற்கு நான் ஷூக்காரன் புத்தியை உபயோகித்தேன். துண்டை ஒரு பக்கம் வைத்து, பட்டனைத் தட்டித் திருப்பி மறுபக்கம் ஒட்டிவிட்டேன், இடது கால், வலது கால். ஓரங்கள் தானாகச் சேர்ந்துவிட்டன.

ஐந்து கிரகம் முடிந்தது. ஆறாவது கடைசி, தூரத்தில் தனியாகச் சுற்றுவது. கணக்கெல்லாம் போட்டாயிற்று, தோல்தான் அமையவில்லை. எதைக் கொடுத்தாலும் ரஃபீக்குக்குப் பிடிக்கவில்லை. "இவனுக்கு நான் தோலு பாத்துனு வரேன். பேரும் நான்தான் வெப்பேன். நீ கம்முனு இரு" என்று சொல்லிவிட்டான். சரி, ஐந்தோடு முதலில் போட்டுவிடலாம் என்று நான் ஒரு சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவன் ஷிஃப்டில் இருந்தான்.

மாட் போடுகிறவர்கள் கூடவே ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும், இதைச் செய்தது யார், எப்படிப் போடுவது என்று. எனக்கு இங்கிலீஷில் சொந்தமாக எழுத வராது. வேறு ஒருத்தருடைய குறிப்பை அப்படியே காப்பி அடித்து, அவர் பேர் இருந்த இடத்தில் என் பேரைப் போட்டேன். அதில் அவர் ‘ஐ’ என்று எழுதியிருந்தார், தனியாகச் செய்தவர். நான் செய்தேன், நான் ரெண்டு வருஷம் உழைத்தேன், என் பரப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு ‘ஐ’யும் அப்படியே இருந்தது. கவனிக்கவில்லை என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கவனித்தேன். மாற்றினால் இன்னும் பத்து நிமிஷம் ஆகும், வாடகை நேரம் முடியப் போகிறது என்று ஒரு சாக்கு, இன்னொரு பக்கம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது என் பேர் மட்டும். இதுதான் உண்மை.

ஒரு வாரத்தில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் எல்லாம் பாராட்டி எழுதினார்கள். இந்தத் தரையை எப்படிச் செய்தாய், இவ்வளவு நிஜமாக இருக்கிறதே என்று ஒருத்தர் கேட்டிருந்தார். இன்னொருத்தர், உன் கிரகங்களுக்கெல்லாம் ரெண்டு முகமும் ஒரே முகமாக இருக்கிறதே என்று கிண்டல். இதையெல்லாம் காட்டத்தான் ரஃபீக்கைக் கூட்டிப் போனேன். அவன் பாராட்டைப் படிக்கவில்லை, குறிப்பைப் படித்தான். மெதுவாக, மேலிருந்து கீழே, தோல் பார்க்கிற மாதிரியே.

"இன்னா தோஸ்த், எல்லா எடத்துலயும் ‘ஐ’ன்னு கீது. ‘வீ’ இன்னா ஆச்சு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "ஸாரிடா, மாத்திடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், வெளியே வந்து டீ குடித்திருப்போம். ஆனால் மாட்டிக்கொண்டவனுக்குத்தானே கோபம் ஜாஸ்தி வரும். பக்கத்து கேபினில் ஆள் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சொன்னேன். "நீ இன்னாடா பண்ண? வேஸ்ட் தோலு பொறுக்கினு வந்த. ஒக்காந்து பண்ணது யாரு?"

ரெண்டு வருஷ நோட்டுகள், கணக்குகள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவன் எழுந்து வெளியே போனான், நானும் பின்னாலேயே போனேன். சைக்கிள் கேரியரில் வைத்திருந்த பேப்பர் சுருட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். "ஆறாவதுக்கு. இன்னிக்கித்தான் கெடைச்சான்" என்றான். அப்புறம் ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. நான் வீம்பாகச் சுருட்டைப் பிரித்தேன். முதுகெலும்புக் கோட்டோடு ஒட்டி நேராக வெட்டிய ஆட்டுத்தோல், இடது பக்கம். நடுவில் ஒரு ஆறிப்போன தழும்பு, அரிவாள் மாதிரி வளைந்து, வாய் முதுகெலும்பைப் பார்த்தபடி. அதற்குக் கீழே மூன்று உண்ணிப் புள்ளி, முதல் ரெண்டும் வரிசையாக, மூன்றாவது கொஞ்சம் விலகி. அவ்வளவு அழகு, எத்தனை நாள் தேடியிருப்பான். ஸ்கேன் செய்தேன், திருப்பி ஒட்டினேன், ரெண்டு அரிவாளும் முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ரெண்டு முகமும் ஒரே முகம் என்று வெள்ளைக்காரர் சொன்னது உறுத்தியது. அதோடு கோபமும் இருந்தது, இதில் என் வேலை என்று ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று. வலது பாதியில், நான் திருப்பி ஒட்டிய பாதியில், அந்த மூன்றாவது புள்ளியை மவுஸால் அழித்துவிட்டேன். பக்கத்துத் தோலைக் கொஞ்சம் காப்பி எடுத்து மேலே பூசினால் போயிற்று. ரெண்டு நொடி வேலை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

பேர் வைக்காமல் ‘ஆறு’ என்று மட்டும் போட்டு ஏற்றினேன். குறிப்பை மாற்றவில்லை. ஒரு பிரதியைச் சிடியில் எழுதி பீரோவில் வைத்தேன். அந்தத் தோல் துண்டை என்ன செய்தேன் தெரியுமா, மவுஸுக்கு அடியில் போட்டுக்கொண்டேன். ஒன்றரை வருஷத்தில் தேய்ந்து, அழுக்கேறி, வீட்டுக்கு வெள்ளையடித்தபோது யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள்.

ரஃபீக்கை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, நான் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம், அவன் கீழே சைக்கிளோடு. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். பாதிதான் தூக்கினான், மீதியை நான் தூக்க வேண்டும் என்று காத்திருந்த மாதிரி. நான் குனிந்து டிபன் பாக்ஸைச் சரிசெய்தேன். கேட் திறந்து பஸ் கிளம்பிவிட்டது. கொஞ்ச நாளில் கல்கத்தா பக்கம் ஒரு டேனரிக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் கல்யாணம் ஆயிற்று, கம்ப்யூட்டரில் விளையாட்டெல்லாம் நின்று போயிற்று.

இனிமேல்தான் விஷயம். ஐந்து வருஷம் போயிருக்கும். கட்டிங் செக்ஷனில் தோல் ஜாஸ்தி வீணாகிறது, பேட்டர்னில் ஏதாவது குறைக்க முடியுமா பார் என்று என்னைக் கீழே அனுப்பினார்கள். அங்கே முனுசாமி அண்ணன் என்று ஒரு கட்டர். தோலை மெஷின் பலகையில் விரித்து, டை என்கிற இரும்பு அச்சை அதன்மேல் வைத்து, பட்டனை அழுத்தினால் டொக்கென்று துண்டு விழும். பழுது இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியில் அச்சு வைப்பதுதான் கட்டருடைய திறமை. அவர் பக்கத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த ஆட்டுத்தோல் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து உதறி விரித்தார். அப்படியே நின்றார்.

"இன்னா சார் இது, கண்ணாடில பாத்த மாதிரி கீது?"

நான் குனிந்து பார்த்தேன். முதுகெலும்புக் கோட்டுக்கு இடது பக்கம் அரிவாள் தழும்பு, வலது பக்கம் அரிவாள் தழும்பு, ஒன்றையொன்று பார்த்தபடி. ஆட்டுக்கு முள்கம்பி ரெண்டு பக்கமும் ஒரே அளவாகக் கிழிக்குமா? சரி, லட்சத்தில் ஒன்று கிழித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடது தழும்புக்குக் கீழே மூன்று உண்ணிப் புள்ளி. மூன்றாவது விலகி. வலது பக்கம் எண்ணினேன். ரெண்டு.

மறுபடி எண்ணினேன், ரெண்டுதான். சுற்றிலும் மெஷின்கள் டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருக்கின்றன, யாரோ எதற்கோ சிரிக்கிறார்கள், நான் அந்த மூன்றாவது புள்ளி இருந்திருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவுகிறேன். மொழுமொழுவென்று இருந்தது, பக்கத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்துப் பூசின மாதிரி. இடது பாதியாவது ரஃபீக் கொடுத்த தோல், உலகத்தில் இருந்த தோல். வலது பாதி எந்த ஆட்டு முதுகிலும் இருந்ததில்லை ஐயா, அது நான் என் வீட்டில் உட்கார்ந்து மவுஸால் செய்தது!

"அண்ணே, இத வெட்டாத. கேமரா போன் யார்கிட்டனா இருந்தா வாங்கினு வரேன். அப்டியே வெய்யி" என்று சொல்லிவிட்டு ஓடினேன். மாடிப்படியில் மேனேஜர் பிடித்துக்கொண்டார். சாம்பிள் ஷூவில் ஏதோ கோளாறு, வாங்குகிற கம்பெனி ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார், இப்பவே வா என்று. அரை மணி நேரம் அங்கே தலையாட்டிக்கொண்டு நின்றேன். என்ன பேசினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. கீழே வந்தால் பலகைமேல் வேறு தோல் கிடக்கிறது.

"சூப்பர்வைசர் வந்து கத்தினாரு சார், நா இன்னா பண்ணட்டும்" என்றார் முனுசாமி அண்ணன். தழும்பு இருக்கிற ரெண்டு இடத்தையும் விட்டுவிட்டு மீதியைத் துண்டு போட்டுவிட்டாராம். தழும்புத் துண்டு ரெண்டும் வேஸ்ட் மூட்டையில். நானும் அவரும் தரையில் உட்கார்ந்து மூட்டையைக் கொட்டினோம், டீக்குப் போனவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஐயோ சாருக்கு இன்னா ஆச்சு என்று. அரிவாள் தழும்பு ஒன்று கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன், ரெண்டு புள்ளி. என்னுடையது. இன்னொன்று கிடைக்கவே இல்லை. ரெண்டையும் ஒன்றாகத்தான் போட்டேன் என்று அவர் மாதா சத்தியம் செய்தார், அவர் மாதாவைக் கும்பிடுகிறவர்கூட இல்லை, எனக்காக அப்படிச் செய்தார். மூட்டையை மறுபடி மறுபடி கொட்டிப் பார்த்தோம். ரஃபீக்குடைய பாதி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து அந்தப் பழைய சிடியை எடுத்துப் போட்டேன். நான் பேட்டர்ன்காரன், கண்ணை நம்ப மாட்டேன், அளவைத்தான் நம்புவேன். ஆறாவது கிரகத்துப் படத்தின் வலது பாதியை மட்டும் அசல் அளவில் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, துண்டை அதன்மேல் வைத்து, குண்டூசியால் குத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். தழும்புக்குத் தழும்பு, புள்ளிக்குப் புள்ளி, மயிர்க்காலுக்கு மயிர்க்கால். என் மனைவி எஸ்தர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எதற்கும் அசராதவள். அவளும் பார்த்துவிட்டு, "எடுத்து உள்ள வெய்ங்க, புள்ளைங்க கண்ல காட்டாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ரஃபீக் வீட்டுக்குப் போனேன். நடந்து போனால் பதினைந்து நிமிஷம். ஐந்து வருஷம் போகாத பதினைந்து நிமிஷம். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், டேய் உன் தோல் வந்துச்சுடா என்று ஆரம்பித்துவிட்டால் அவன் மற்றதெல்லாம் மறந்துவிடுவான், கண்ணை அகல விரித்துக்கொண்டு எங்கடா காட்டு என்பான், அதற்கு நடுவில் ஸாரியைச் சொல்லிவிடலாம் என்று கணக்கு. கதவைத் திறந்தது அவன் தம்பி நசீர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுச் சொன்னான். ரஃபீக் போய் எட்டு மாசம் ஆகிறது. கல்கத்தாவில் மஞ்சள் காமாலை, கவனிக்காமல் விட்டு முற்றிப் போயிற்று. ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை, அங்கேயே அடக்கம்.

"உங்க வீட்டுக்கு வந்து சொல்லணும்னு எங்க அம்மி சொல்லிக்கினே இருந்தாங்க. எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறது இல்லன்னு" என்றான்.

 நசீரே தொடர்ந்தான். "போன வருசம் ரம்ஜானுக்கு வந்தப்ப என்னைய பிரவுசிங் சென்டருக்கு இட்டுனு போனாரு அண்ணே. நீங்க ரெண்டு பேரும் பண்ணீங்களே, அத காட்டினாரு. அந்தக் கடைசி கிரகத்த சுத்திச் சுத்திக் காட்டினாரு. அப்புறம் திடீர்னு சிரிக்கறாரு. ‘பாதி என்னுது, பாதி அவன்து. பாரு, இந்தப் பக்கம் ஒரு புள்ளிய அழிச்சிகிறான் பாரு. கோவத்துல அழிச்சிகிறான் கய்தே. இவனுக்கு ஒரு பேருகூட வெக்காம விட்டுகிறான். ஒரு நாள் கேக்கறேன் இரு’ன்னு."

"பேரு... இன்னா பேரு வெக்கணும்னு சொன்னானா?"

"கேட்டேன். ‘அத அவன்கிட்டதான் சொல்லணும்’னுட்டாரு."

அங்கே உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. ரஃபீக்கின் அம்மா உள்ளேயிருந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "குடி பேட்டா" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் குறிப்பைத் திறந்து ஒவ்வொரு ‘ஐ’யையும் ‘வீ’ ஆக்கினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ரஃபீக் பேரை மேலே போட்டேன், என் பேரைக் கீழே. ஏற்றலாம் என்று போனால் அந்த வெப்சைட்டையே மூடிவிட்டிருக்கிறார்கள். யாரோ ஒருத்தர் எங்கள் மாட் முழுவதையும் காப்பி எடுத்து வேறு ஒரு இடத்தில் போட்டு வைத்திருக்கிறார், அவருக்கு நாலு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அங்கே இன்னும் ‘ஐ’ என்றுதான் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலோ எவனோ ஒருத்தன் இன்றைக்கும் அதை இறக்கி, ஆறாவது கிரகத்தில் போய் இறங்கி, ஜெயசீலன் தனியாகச் செய்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

அந்தத் தோல் துண்டும் நான் எடுத்த பிரிண்டும் ஒரே பாலிதீன் கவரில் பீரோவுக்குள் இருந்தன. பல வருஷம் நான் அதைத் தொடவில்லை. போன மாசம் மகளுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடும்போது கவர் கையில் வந்தது, பிரித்துப் பார்த்தேன்.

பிரிண்டில் ரெண்டு புள்ளி. தோலில் மூன்று.

எஸ்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலிலிருந்தே மூன்றாகத்தான் இருந்திருக்கும், நீங்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குண்டூசி குத்திய ஓட்டைகள் இருக்கின்றன, பேப்பரில் ரெண்டு புள்ளி, தோலில் அதே ரெண்டு புள்ளி, அதற்குக் கொஞ்சம் விலகி, நான் மவுஸால் அழித்த அதே இடத்தில், மூன்றாவது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்குத் தெரிகிறது. அரிவாளின் வாய் மட்டும் இன்னும் நான் திருப்பி ஒட்டிய வலது பாதியின் வாய்தான், ரஃபீக்குடைய பாதி மாதிரி அது திரும்பவில்லை.

நம்பினால் நம்புங்கள், வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். ஆனால் உங்களுக்கோ எனக்கோ என்ன தெரியும்? இது எந்தத் தோல், யாருடைய பாதி என்று ஒரு தடவை தடவிப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தன்தான் இருந்தான்.